"பழகிப் போகும்" என்று இனிச் சொல்ல வேண்டாம்: நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் ஓர் அளவு வேண்டும்

(ஹேவாஹெட்டப் பகுதித் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில், சங்கத்தின் பாதுகாப்பு சுகாதாரக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை. அன்று வர முடியாமற்போன அங்கத்தவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஓய்வு நாள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். விறகு, தண்ணீர், துணிமணி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் இந்த ஒரு நாளுக்காகக் காத்துக் கிடக்கும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுகிறோம்.

சம்பளத்தைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். இன்று பேச வந்தது வேலைத்தலத்தில் நாம் உள்ளே இழுக்கும் காற்றைப் பற்றி. கண் எரியவைக்கும், மூக்கைக் குத்தும், தொண்டையை அறுக்கும் அந்தக் காற்றுக்கு "இவ்வளவுக்கு மேல் கூடாது" என்று ஓர் அளவு வைப்பது பற்றி. கேட்க இது படித்தவர்களின் விடயம் போலத் தெரியும். ஆனால் இதுவும் கடைசியில் சம்பளத்தில்தான் வந்து நிற்கிறது. எப்படி என்று ஒரு நடந்த கதையிலிருந்து சொல்கிறோம்.

உர ஸ்டோரில் நடந்தது

எங்கள் கிளைகளில் ஒன்றில், தோட்டத்தின் பெயர் வேண்டாம், அடைமழைக் காலத்தில் நான்கு பெண்களை உர ஸ்டோருக்கு அனுப்பினார்கள். கூரை ஒழுகி நிலம் ஈரமாகக் கிடந்தது. கிழிந்த அமோனியா உர மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே லயத்துக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டைகள். இரண்டும் ஈரத்தில் கலந்திருந்தன. அமோனியா உரமும் சுண்ணாம்பும் நனைந்து சேர்ந்தால் அமோனியா வாயு கிளம்பும். கதவைத் திறந்ததுமே நால்வருக்கும் கண்ணீர் கொட்டியது. வெளியே ஓடி வந்தார்கள்.

நின்றவர் சொன்னார்: "கொஞ்ச நேரம் உள்ள நில்லுங்க, பழகிப் போகும்."

பழகித்தான் போனது. அரை மணித்தியாலத்தில் நாற்றம் முன்போல் தெரியவில்லை. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு பிற்பகல் வரை மூட்டை கட்டினார்கள். அன்றிரவு மூவருக்கு இருமல் வந்து போனது. ஒருவருக்குப் போகவில்லை. டிஸ்பென்சரியில் இருமல் பாணி கொடுத்தார்கள், புத்தகத்தில் "இருமல்" என்று எழுதினார்கள். எங்கிருந்து வந்த இருமல் என்று எழுதவில்லை.

அந்த அக்காவுக்கு இன்று மலையேறினால் இளைக்கிறது. நிரை நடுவில் நின்று நின்று மூச்சு வாங்கித்தான் கொழுந்தெடுக்கிறார். கிலோ குறைகிறது. கிலோ குறைந்தால் அரைப் பேர். சம்பளத்தில் வந்து நிற்கிறது என்று சொன்னது இதைத்தான்.

அந்த ஒரு நாளால்தான் இப்படி ஆனது என்று எங்களால் நிரூபிக்க முடியாது. நட்டஈடு கேட்கலாம் என்று போனபோது முதல் கேள்வியே அதுதான்: "அன்றைக்கு அந்தக் காமராவில் எவ்வளவு அமோனியா இருந்தது?" பதில் இல்லை. யாரும் அளக்கவில்லை.

மூக்கு ஓய்ந்தது, வாயு ஓயவில்லை

"பழகிப் போகும்" என்ற சொல்லை முதலில் பிரித்துப் பார்ப்போம்.

நம் முகத்தில் இரண்டு காவற்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வாசனை அறியும் நரம்பு. மல்லிகையா மண்ணெண்ணெயா என்று சொல்வது அதன் வேலை. மற்றவர் எரிவை அறியும் நரம்பு. வெங்காயம் வெட்டும்போது கண்ணில் நீர் வரவைப்பதும், மிளகாய் வறுக்கும்போது தும்ம வைப்பதும் அது. கண், மூக்கு, வாய் எல்லாவற்றுக்கும் அதன் கிளைகள் ஓடுகின்றன. ஆபத்து என்று தெரிந்தால் கண்ணை மூடவைக்கும், மூச்சைப் பிடிக்கவைக்கும், இருமவைக்கும்.

வாசனை நரம்பு சீக்கிரம் களைத்துவிடும். மாட்டுக் கொட்டகைக்குள் நுழையும்போது அடிக்கும் நாற்றம் பத்து நிமிடத்தில் தெரியாமற்போவது அதனால்தான். கொட்டகை சுத்தமாகிவிடவில்லை. அமோனியாவும் அப்படியே. நாற்றம் தெரியவில்லை என்பதற்காக வாயு குறைந்துவிட்டது என்று எடுக்கக் கூடாது. எரிவு நரம்பும் தொடர்ந்து அடிபட்டால் மரத்துப்போகலாம். மணி அடிப்பது நின்றால் நெருப்பு அணைந்துவிட்டது என்று அர்த்தமாகுமா?

அளவு என்றால் என்ன?

காற்றில் கலந்த வாயுவைப் பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். புரியும்படி சொன்னால், நமது பழைய லயக் காமரா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், ஒன்பதடி உயரம். அதற்குள் ஏறக்குறைய 30,000 லீட்டர் காற்று இருக்கும். அதில் முக்கால் லீட்டர் அமோனியா வாயு கலந்தால் அது பத்து இலட்சத்தில் 25 பங்கு. ஒரு பெரிய சோடாப் போத்தலில் பாதி அளவு.

அந்த 25 என்பது சும்மா எடுத்த இலக்கம் இல்லை. எட்டு மணித்தியால வேலை நாளுக்கு அமோனியா சராசரியாக 25 பங்கைத் தாண்டக் கூடாது, பதினைந்து நிமிடம் என்றாலும் 35 பங்கைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தொழிற் சுகாதார நிபுணர்களின் சபை பரிந்துரைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் எட்டு மணித்தியாலத்துக்கு 20 என்கிறது. அமெரிக்க அரசாங்கத்தின் சட்டத்திலோ 50 என்று இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அமோனியா எல்லா நாட்டிலும் ஒன்றுதான். மனிதரின் கண்ணும் ஒன்றுதான். அப்படியிருக்க 20, 25, 50 என்று இலக்கம் ஏன் மாறுகிறது?

இலக்கம் எப்படிப் பிறக்கிறது?

எரிவூட்டும் வாயுக்களுக்கு அளவு காண ஒரு வழியை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த இவ் அலாரி என்ற விஞ்ஞானி வகுத்தார். சுண்டெலிகளை வாயுவுக்குள் விட்டு அவற்றின் மூச்சை எண்ணினார். எரிவு ஏற ஏறச் சுண்டெலியின் மூச்சு மெதுவாகும். மூச்சு வேகம் பாதியாகக் குறையும் அளவைக் குறித்துக்கொள்வார்கள். அந்த அளவில் மனிதரால் நிற்கவே முடியாது. அதில் நூற்றில் மூன்று பங்கு வேலைத்தலத்துக்குத் தாங்கக்கூடிய அளவாக இருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. பல இரசாயனங்களுக்கு இந்தக் கணக்கும் நடைமுறையில் உள்ள அளவும் ஓரளவு பொருந்தி வந்தன.

அமோனியாவில் சுண்டெலியின் மூச்சு பாதியாவது சுமார் 300 பங்கில். நூற்றில் மூன்று என்றால் 9. ஆக சுண்டெலி 9 என்கிறது, ஐரோப்பா 20 என்கிறது, நிபுணர் சபை 25 என்கிறது, சட்டம் 50 என்கிறது.

சுண்டெலி தவிர இன்னொரு வழியும் உண்டு. விரும்பி முன்வரும் ஆட்களை ஓர் அறைக்குள் இருத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வாயுவைக் கூட்டி "எப்போது எரிகிறது?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் இளம் வயது, நல்ல சுகதேகிகள், சில மணித்தியாலம்தான். ஆஸ்துமா உள்ளவரை, பிள்ளைத்தாய்ச்சியை, ஐம்பது வயதுக்காரரை அங்கே காண்பது அரிது. அமைதியாக இருப்பவர் நிமிடத்துக்கு ஆறு ஏழு லீட்டர் காற்றை இழுப்பார். முதுகில் பதினாறு லீட்டர் மருந்துத் தாங்கியோடு சரிவில் ஏறுபவர் அதைவிடப் பல மடங்கு இழுப்பார். இலக்கம் ஒன்றுதான், உள்ளே போவது ஒன்றில்லை.

மூன்றாவது வழி, தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களைப் பார்த்து "இவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வது. இதில் ஒரு பெரிய ஓட்டை. தாங்க முடியாதவர் வேலையை விட்டுப் போய்விடுவார். மிஞ்சி நிற்பவர் தாங்கக்கூடியவர். எஞ்சியவர்களை மட்டும் எண்ணிவிட்டு எல்லோரும் நலம் என்று எழுதினால் அது என்ன கணக்கு?

இதற்கு மேல், இலக்கம் எழுதும் மேசையைச் சுற்றி யார் இருந்தார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. மேலே சொன்ன நிபுணர் சபை 1946-ஆம் ஆண்டிலிருந்து இந்தப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. உலகின் பல நாடுகள் அதைப் பார்த்துத்தான் தங்கள் இலக்கங்களை எழுதின. 1988-இல் காசில்மேன், ஸீம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலின் பின்னணியைத் துருவினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட இரசாயனங்களின் அளவுகள், கம்பனிகள் அனுப்பிய, எங்கும் வெளியிடப்படாத தகவல்களையே முக்கியமாக நம்பி எழுதப்பட்டிருந்ததை அவர்கள் காட்டினார்கள். அதற்காகப் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. அது இல்லாவிட்டால் நம் கையில் ஒன்றுமே இருக்காது. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். அளவு என்பது ஆற்றில் கட்டிய பாலம் போல, இந்தப் பக்கம் சாவு, அந்தப் பக்கம் சுகம் என்று பிரிக்கும் கோடு இல்லை. எவ்வளவு எரிவை யார் தாங்க வேண்டும் என்று மனிதர்கள் கூடி எடுத்த தீர்மானம். தீர்மானம் எடுக்கும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும்.

சராசரி என்ற தந்திரம்

"எட்டு மணித்தியாலச் சராசரி" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஒரு மாதத்துக்கு வாங்கிய மிளகாய்த் தூளை ஒரே நாள் கறியில் கொட்டிவிட்டு, "மாதச் சராசரி சரிதானே, சாப்பிடு" என்றால் சாப்பிடுவீர்களா? எரிவும் அப்படித்தான். கதவைத் திறந்த முதல் பத்து நிமிடம் கண்ணைத் திறக்க முடியாத அளவு, பிறகு நாள் முழுக்க வெளியில் வேலை. சராசரி பார்த்தால் இலக்கம் அழகாக வரும். அதனால்தான் எரிவூட்டும் வாயுக்களுக்குப் பதினைந்து நிமிட அளவும், ஒரு கணமும் தாண்டக் கூடாத உச்ச அளவும் தனியாக வைக்கப்படுகின்றன. நாளை யாராவது "அளந்தோம், அளவுக்குள் இருக்கிறது" என்றால், எந்த அளவு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

போபாலின் தேநீர் இடைவேளை

இலக்கம் எழுதி வைத்தால் மட்டும் போதுமா? போதாது. அதற்கு போபால் சாட்சி.

இந்தியாவின் போபால் நகரில் யூனியன் கார்பைட் நிறுவனத்தின் பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் மெதைல் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருந்தது. அதற்கு அமெரிக்காவில் விதிக்கப்பட்ட அளவு பத்து இலட்சத்தில் 0.02 பங்கு. அவ்வளவு கடுமையான அளவு வைக்கும்படியான கொடிய பொருள் அது. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் சிறு கசிவைக் கண்டுபிடித்த கருவி எது தெரியுமா? தொழிலாளரின் கண். கண்ணீர் வந்தால் எங்கோ கசிகிறது என்று தேடுவார்கள். அங்கே 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவால் ஒரு தொழிலாளி இறந்தார். அதற்குப் பிறகு தொழிற்சங்கம் எச்சரித்துக்கொண்டே இருந்தது.

1984 டிசம்பர் 2-ஆம் திகதி இரவு, பதினொன்றரை மணியளவில் வேலையில் இருந்தவர்களுக்குக் கண் எரிந்தது. மேற்பார்வையாளரிடம் சொன்னார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. இடைவேளை முடிந்த சிறிது நேரத்தில் தாங்கி கைமீறிப் போனது. நள்ளிரவு தாண்டி வாயு நகரத்துக்குள் இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். இலட்சக்கணக்கானோர் கண்ணையும் நுரையீரலையும் கெடுத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

கண்ணீர் அந்த இரவு சரியாகத்தான் எச்சரித்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. கண் எரிவது பழகிப்போன ஒரு வேலைத்தலத்தில், பெரிய ஆபத்தின் எரிவையும் பழைய எரிவு என்றே நினைப்பார்கள். "பழகிப் போகும்" என்ற சொல்லின் முழு விலை அது.

நம்மைச் சுற்றிலும் என்ன இருக்கிறது?

இனி நமது தோட்டங்களுக்கு வருவோம்.

சலிக்கும் காமராவில் தேயிலைத் தூசியும் பஞ்சும். இது வாயு இல்லை, ஆனால் தொண்டையையும் நெஞ்சையும் பிடிப்பதில் குறைந்ததில்லை. நமது நாட்டு வைத்தியர் டொக்டர் சி. ஜி. உறகொட 1970-இல் பிரித்தானியத் தொழில்சார் மருத்துவச் சஞ்சிகையில் தேயிலை தயாரிப்பவர்களுக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி எழுதினார். 1980-இல் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றி இன்னோர் ஆய்வை வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கு முன்பே நமது நெஞ்சைப் பற்றி உலகச் சஞ்சிகையில் எழுதியாயிற்று. நமக்கு அதை யார் வாசித்துக் காட்டினார்கள்?

டிரையர் போரணையில் விறகுப் புகை. அதில் அக்ரோலீன், போமல்டிஹைட் என்ற இரண்டு எரிவூட்டிகள் இருக்கின்றன. அக்ரோலீனின் அளவு பத்து இலட்சத்தில் 0.1 பங்குதான். போரணைக் குழாய் வெடித்துப் புகை உள்ளே வந்தால் அந்த நாள் தேயிலையில் புகை மணம் ஏறும், ஏலத்தில் விலை விழும். அதனால் தேயிலைக்காகக் குழாயைத் திருத்துவார்கள். அங்கே நின்றவரின் தொண்டையை யாரும் கேட்பதில்லை. அதே புகைதான் லயத்துக் குசினியிலும். அங்கே அளவு வைக்கும் அதிகாரி யாருமில்லை. புகைபோக்கியும் காற்றோட்டமும் உள்ள வீட்டைக் கேட்பதும் இந்தப் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

மலையில் மருந்தடிப்பு. பரகுவாட் களைக்கொல்லியை நமது நாடு 2008-க்கும் 2011-க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தியது. மூக்கில் இரத்தம் கசிந்த பழைய மருந்தடிக்காரர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். பொருள் ஒன்று போனது நல்லதுதான். ஆனால் காற்றுக்கு எதிராக அடிப்பதும், கையுறை இல்லாமல் கலக்குவதும் அப்படியே இருக்கின்றன.

நாற்று மேடை மண்ணைச் சுத்திகரிக்கும் மருந்துகள். முன்பு பயன்பட்ட மெதைல் புரோமைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் அநேகமாக இல்லை. அதனால் ஆபத்து தெரியட்டும் என்று அதில் கண்ணீர் வரவைக்கும் வேறொரு பொருளைக் கலந்து விற்பதுண்டு. பாருங்கள், கம்பனிகளே நமது கண்ணெரிவை எச்சரிக்கை மணியாக ஏற்றுக்கொண்ட சங்கதி இது. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்முக நாடுகள் 2015-க்குள் விவசாய நிலத்தில் அதை நிறுத்த வேண்டியிருந்தது. மாற்றாக வந்த டசோமெட், மெதாம் சோடியம் போன்றவை ஈர மண்ணில் வேறொரு வாயுவை விடும். அதுவும் கண்ணையும் மூக்கையும் எரிப்பதே. மூடிய மேடையைத் திறக்கும் நாளில் பெண்களை உடனே உட்கார வைக்கக் கூடாது.

கடைசியாக, பிள்ளைக் காமராவும் மலசலகூடமும். பிளீச்சிங் பவுடரையும் மலசலகூடம் கழுவும் அசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமெரிக்கச் சட்டத்தில் குளோரினுக்கு உச்ச அளவே பத்து இலட்சத்தில் 1 பங்கு. இதை வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றையும் அளப்பவர்கள்

இங்கிருந்து அதிக தூரமில்லாத லூல்கந்துர தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். அன்றிலிருந்து இந்தத் தொழிலில் அளக்காத பொருள் இல்லை. கொழுந்தைத் தராசில் அளக்கிறார்கள். வாட்டும் தட்டில் காற்றின் ஈரத்தை அளக்கிறார்கள். டிரையரில் சூட்டை அளக்கிறார்கள். தயாரான தூளில் எத்தனை வீதம் ஈரம் என்று அளக்கிறார்கள். தேயிலை சுவாசிக்கும் காற்றுக்கு அளவு இருக்கிறது. தேயிலை செய்பவர் சுவாசிக்கும் காற்றுக்குத்தான் இல்லை. அளக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அமோனியாவை அளக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. கைப்பம்பு ஒன்றும், வாயு பட்டால் நிறம் மாறும் சிறு கண்ணாடிக் குழாயும் போதும்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1942-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், கெடுதியான தூசியும் புகையும் தொழிலாளி சுவாசிக்காதபடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. தேயிலைத் தொழிற்சாலைக்கு அது பொருந்தும். மலைக்கு அப்படிப் பொருந்துவதில்லை. அந்தக் கட்டளைச் சட்டம் எழுதப்பட்டது தொழிற்சாலைக் கட்டடத்தை மனதில் வைத்து. மருந்தடிப்பவரும் உரம் போடுபவரும் அந்தச் சுவருக்கு வெளியே நிற்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டத்தால் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவனம் அமைந்தது. 2022 ஜூனில் சர்வதேசத் தொழில் மாநாடு, பாதுகாப்பான சுகாதாரமான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. சங்கம் சேரும் உரிமைக்கு என்ன மதிப்போ இதற்கும் அதே மதிப்பு. இவை கதவுகள். தட்ட வேண்டியது நாம்.

நமது பக்கத்துப் பிழை

முதலாளி பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. சங்கமாகிய நாங்களும் இதில் பிழை விட்டிருக்கிறோம்.

மருந்தடிக்கும் வேலைக்குப் போனால் வேளைக்கே வீட்டுக்கு வரலாம், பேரும் முழுதாக விழும். அதனால் அந்த வேலைக்குப் போட்டி. நாங்கள் என்ன கேட்டோம்? இன்னும் அரை மணித்தியாலம் முன்னே விடுங்கள், இன்னும் கொஞ்சம் காசு கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டோம். காற்றைச் சுத்தமாக்கு என்று கேட்கவில்லை. எரிவை விலை பேசி விற்றோம். விற்ற பிறகு அது எரிகிறது என்று முறையிட முடியாமற்போனது.

அளவு வைத்தால் அந்த வேலையின் சலுகை போய்விடும் என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. அது நியாயமான பயம், அதை மறைத்துப் பேச மாட்டோம். எங்கள் நிலைப்பாடு இதுதான்: வேளைக்கு விடுவது கடினமான உழைப்புக்காகக் கிடைத்த சலுகை. அது நஞ்சுக்குக் கொடுத்த கூலி என்று எங்கும் எழுதப்படவில்லை. பாரம் தூக்கி மலையேறும் உழைப்பு அளவு வைத்தாலும் குறையாது. சலுகையும் இருக்க வேண்டும், காற்றும் சுத்தமாக வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்க இனி நாங்கள் கையெழுத்து வைக்க மாட்டோம்.

என்ன கேட்கப் போகிறோம்?

முதலாவது, தோட்டத்துக்கு வரும் ஒவ்வோர் இரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளைத் தமிழில் ஸ்டோர் சுவரில் ஒட்ட வேண்டும். அந்தத் தாளின் எட்டாவது பகுதியில்தான் காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற அளவு இருக்கும். தாளைக் கண்டால் எட்டாவது பகுதியை வாசிக்கப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

இரண்டாவது, வருடத்துக்கு ஒரு முறையாவது அளக்க வேண்டும். மூக்குக்கு ஓர் அடி தூரத்துக்குள், வேலை மோசமாக இருக்கும் நேரத்தில், தொழிலாளர் பிரதிநிதி பக்கத்தில் நிற்க அளக்க வேண்டும். பரிசோதனைக்கு ஆள் வருகிறார் என்று முதல் நாளே கழுவித் துடைத்துவிட்டு அளப்பது அளவாகாது.

மூன்றாவது, பல நாட்டு இலக்கங்களில் கடுமையானது எதுவோ அதையே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். சராசரி அளவோடு பதினைந்து நிமிட அளவும் இருக்க வேண்டும்.

நான்காவது, முகமூடி கடைசி வழி. முதலில் பொருளை விலக்கு, முடியாவிட்டால் மாற்று, அதுவும் முடியாவிட்டால் காற்றோட்டம் செய், பிறகுதான் முகமூடி. உர ஸ்டோர் கதைக்கு மருந்து முகமூடி இல்லை. கூரையை அடைத்துச் சுண்ணாம்பை வேறிடத்தில் வைத்திருந்தால் போதும். துணி முகமூடியும் முந்தானையும் வாயுவைத் தடுக்காது என்பதை மறக்க வேண்டாம்.

ஐந்தாவது, கண்ணும் தொண்டையும் எரியும் இடத்திலிருந்து விலகி நிற்பவரின் பேரை வெட்டக் கூடாது. உயிராபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகுபவருக்குச் சர்வதேசத் தொழில் அமைப்பின் 155-ஆம் சமவாயம் பாதுகாப்புத் தருகிறது. அதை நமது ஒப்பந்தத்தில் நமது சொல்லில் எழுதுவோம்.

இன்றே செய்யக்கூடியது

கருவி வரும்வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் இன்று ஓர் எண்பது பக்கக் கொப்பி தருகிறோம். யாருக்காவது வேலையில் கண், மூக்கு, தொண்டை, நெஞ்சு எரிந்தால் அன்றே எழுதுங்கள். திகதி, நேரம், இடம், அங்கே இருந்த பொருள், எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கம், யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். ஞாயிறும் போயாவும் வீட்டில் இருக்கும்போது குறைந்து, வேலைக்குப் போனதும் திரும்ப வருகிறதா என்றும் எழுதுங்கள். வைத்தியருக்கு அந்த ஒரு வரி பெரிய துப்பு. டிஸ்பென்சரிக்குப் போனால் "இருமல்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "உர ஸ்டோரில் வேலை செய்த பின் இருமல்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத்து வராதவர்கள் தலைவியிடம் சொல்லுங்கள், அவர் எழுதுவார்.

ஒருவரின் எரிவை "உனக்கு மட்டும்தான்" என்று தள்ளிவிடலாம். ஒரே நாளில் ஒரே இடத்தில் நால்வரின் எரிவு நான்கு கையெழுத்தோடு இருந்தால், தொழில் திணைக்களத்தின் பரிசோதகரை அளக்க வரச் சொல்லி எழுத அது போதிய காரணம். மாத இறுதியில் கொப்பிகளை மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுதியவரின் பெயர் வெளியே போகாது. அதற்கு நாங்கள் பொறுப்பு.

அந்த அக்கா இன்று இங்கே வந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. ஆனால் கூட்டத்துக்கு வருவதற்கு முன் ஒன்று சொன்னார். "அன்னைக்கே யாராச்சும் எழுதி வச்சிருந்தா எனக்கு உதவியிருக்கும். எனக்கில்லாட்டியும் பரவாயில்ல, அந்தக் கதவ அடுத்ததா தொறக்கிற பிள்ளைக்கு உதவட்டும்."

முதல் கொப்பியின் முதல் பக்கத்தை அவருடைய கதையோடு தொடங்குகிறோம். இரண்டாம் பக்கம் முதல் உங்களுடையது.